மீட்டர்காரர் ஜன்னலில் ஒரு துணி

தையலக்காவின் கடை ஒரு கதவு அகலம்தான். ஒரு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, சுவரோரம் துண்டுத்துணி மூட்டைகள். அவள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் வருகிறவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டும். புதுத்துணி தைக்க அவளிடம் யாரும் வருவதில்லை. பேன்ட் நீளம் குறைக்க, ஜிப் மாற்ற, இடுப்பு பெருத்துவிட்டவர்களுக்கு இரண்டு விரல் பிரித்துவிட வருவார்கள். "ஆளைக் குறைக்க என்னால முடியாது, துணியைத்தான் பெருசாக்க முடியும்" என்பாள். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மெஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருந்தாள். ஊசியிலிருந்து தலையைத் தூக்கினால் எதிர்வரிசை மாடிகளின் ஜன்னல்கள் அத்தனையும் தெரியும். யார் எப்போது திறக்கிறார்கள், யார் வீட்டில் திரை மாறியிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேவு பார்க்கிற புத்தி இல்லை அது. கழுத்து வலிக்கு நிமிர்கிறவளுக்கு ஆண்டவன் எதைக் காட்டினானோ அதைப் பார்த்தாள்.

ஐந்தாம் வகுப்போடு அவளுக்குப் படிப்பு நின்றது. அப்பா படுக்கையில் விழுந்தார், வீட்டுக்கு மூத்தவள் அவள். தகரக் கூரை போட்ட தையல் கம்பெனி ஒன்றில் காஜா எடுக்கச் சேர்த்துவிட்டார்கள். வெயில் காலத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே மூளை உருகிக் காது வழியாக வந்துவிடும்போல இருக்கும். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும், எழுந்து போனால் மேஸ்திரி முறைப்பார். அதனால் தொண்டையை நனைக்காமலே பொழுதை ஓட்டினாள். பக்கத்து மெஷினில் இருந்தவள் ஒரு மத்தியானம் தைத்துக்கொண்டிருந்த சட்டைமேலேயே கவிழ்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அந்த வாரம் கம்பெனிக்கு ஒரு புது ஃபேன் வந்தது.

ஆகையால், பூமி சூடாகிறது என்று பின்னாளில் எல்லாரும் பேச ஆரம்பித்தபோது தையலக்காவுக்கு அது புதுச் சேதி இல்லை. அவள் உடம்புக்கு எப்போதோ தெரிந்ததைத்தான் ஊர் இப்போது படித்துக்கொண்டிருந்தது.

கல்யாணம் ஆகி இந்தத் தெருவுக்கு வந்தாள். வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிற வேலை. அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்தலாக ஒரு வார்த்தை விழும். பிள்ளை இல்லை. அதற்காக அழுத காலம் ஒன்று இருந்தது. பிறகு, கொடுக்காததற்கும் ஆண்டவன் ஒரு காரணம் வைத்திருப்பான் என்று விட்டுவிட்டாள்.

தெருவில் அந்த விழா தொடங்கியதே ஒரு சாவில்தான். ஒரு கடும் வெயில் காலத்தில் முக்கு வீட்டு மாடியில் தனியாக இருந்த டைப்பிஸ்ட் அம்மா இறந்துபோனார். கதவடியில் பால் பாக்கெட்டுகள் சேர்ந்து நாற்றமெடுத்த பிறகுதான் தெருவுக்கே தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் அன்று தன் கடைப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அவங்க எந்த மாத்திரை எப்பப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியும். இருக்காங்களா இல்லையான்னு தெரியாம போச்சே" என்றார்.

அவரும், சைக்கிள்கடைக்காரரும், தையலக்காவும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் நிழல் விழா. வெயில் சூடுபிடிக்கிற காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தெருவில் வண்டி கிடையாது. பழைய போர்வையும் திரையும் வாங்கி அவள் ஒட்டுப்போட்டுத் தைத்த பெரிய பெரிய துணிகளை மாடிக்கு மாடி கயிறு கட்டி இழுப்பார்கள். தெரு முழுக்க நிழல் விழும். இளவட்டங்கள் மொட்டைமாடிகளுக்குச் சூடு இறங்காமல் இருக்க வெள்ளையடிப்பார்கள். சைக்கிள்கடைக்காரர் ஓசியில் பழுது பார்ப்பார். மருந்துக்கடைக்காரர் மைக் பிடித்து, பஸ் நிறுத்தத்துக்குக் கூரை வேண்டும், தெருவுக்கு மரம் வேண்டும், குப்பையை எரிக்கிறதை நிறுத்த வேண்டும் என்று பேசிக் கையெழுத்து வாங்குவார். "மைக்கைக் கண்டா அண்ணனுக்குப் பசி எடுக்காது, கேக்கிறவங்களுக்குத்தான் எடுக்கும்" என்பார் சைக்கிள்கடைக்காரர்.

விழா ஒரு நாள் கூத்து. வெயிலோ மாதக்கணக்கில் நிற்கிறது. தனியாக இருக்கிறவர்களுக்கு என்ன வழி என்று பேச்சு வந்தது. தினமும் போன் போடலாம் என்றார் மருந்துக்கடைக்காரர். சிலர் போனை எடுக்கமாட்டார்கள், சிலர் சார்ஜ் போடமாட்டார்கள், சிலருக்கு மணி அடிப்பதே காதில் விழாது. அப்போது தையலக்கா சொன்ன வழிதான் துணி போடுகிற வழி. தனியாக இருக்கிற ஒவ்வொருவருக்கும் துண்டுத்துணியில் ஒன்று தைத்துக் கொடுத்தாள். காலையில் எழுந்ததும் ஜன்னலில் அதைத் தொங்கவிட வேண்டும். மத்தியானம் சாப்பிட்டதும் உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு எந்த ஜன்னலிலாவது துணி தொங்கினால், அந்த வீட்டுக்கு ஆள் ஏற வேண்டும். வீட்டுச் சாவி ஒன்று மருந்துக்கடை மேசை டிராயரில் இருக்கும். ஜன்னல்களைப் பார்க்கிற வேலை அவளுடையது. அவளைவிட்டால் யாருக்கு அந்த இடம் வாய்க்கும்.

அது பலித்தது. சர்க்கரை இறங்கிக் கட்டிலோரம் கிடந்த ஒரு அம்மாவை அந்தத் துணிதான் காப்பாற்றிக் கொடுத்தது. தையலக்கா அன்றிரவு படுக்கும் முன் கைகூப்பி வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். படிக்காத எனக்கு இதைச் செய்யக் கொடுத்தாயே என்று.

எதிர்வரிசை நாலாவது மாடியில் இருந்தவர் மீட்டர்காரர். வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாக ஏறி மின்சாரக் கணக்கு எடுத்தவர். இப்போது முழங்கால் ஒத்துழைக்காமல் தன் வீட்டுப் படியையே இறங்காதவர். மனைவி போய்விட்டாள், மகள் வேறு ஊரில். விழா என்றாலே அவருக்கு இளக்காரம்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளை போய் வெகு நேரமாகியும் அவர் ஜன்னலில் நீலக்கோடு போட்ட துணி தொங்கிக்கொண்டிருந்தது. தையலக்கா அரைகுறையாகத் தைத்ததை அப்படியே போட்டுவிட்டு, மூச்சு வாங்க நாலு மாடி ஏறிக் கதவைத் தட்டினாள்.

"யாரது?"

"நான்தான்யா, தையல்."

"மீட்டர் ஓடுது. போயிட்டு வா."

"துணிய எடுக்க மறந்துட்டீங்களே. உயிரக் கையில பிடிச்சுட்டு ஏறி வந்தேன்."

"மறக்கல. வேலை செய்யுதான்னு பார்த்தேன். எந்தக் கருவியையும் அப்பப்போ சோதிச்சுப் பார்க்கணும்."

"நான் என்ன கருவியா?"

"நல்ல கருவிதான். கொஞ்சம் லேட்டா ஓடுது" என்றார். பிறகு கதவைத் திறந்து, பானையில் இருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவள் குடிக்கிறவரை நின்று பார்த்தார். "தெருவுல போர்வை கட்டினா சூரியன் பயந்து ஓடிடுமா?" என்று கேட்டார்.

"சூரியன் ஓட வேண்டாம்யா. நாம கொஞ்சம் ஒதுங்கி நிக்கலாம்ல."

அவர் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வருடத்து விழாவுக்கு நகராட்சியிலிருந்து ஆட்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தெரு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மருந்துக்கடைக்காரருக்கு ஆசை. ஒரு ஜன்னல் விடாமல் தோரணம் தொங்க வேண்டும் என்றார். தையலக்கா அதே துண்டுத்துணி மூட்டைகளை அவிழ்த்து, வாரக்கணக்கில் தைத்தாள். சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது, கோடு போட்டது. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மீட்டர்காரர் மட்டும் வாங்கவில்லை. "என் ஜன்னல் காத்து வர்றதுக்கு. உங்க தோரணத்துக்கு இல்ல" என்று கதவைச் சாத்திவிட்டார்.

விழா அன்று விடிந்ததிலிருந்து அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. நிழல்துணி ஒன்று கிழிந்தது, கயிறு ஒன்று அறுந்தது, தண்ணீர்ப் பந்தலுக்குக் குவளை போதவில்லை. மெஷின் பக்கமே அவள் போகவில்லை. வெயிலோ அந்த வருடத்திலேயே அன்றுதான் உச்சம். நிழலுக்குக் கீழே நின்றவர்களுக்கு அது உறைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என்ன குளுமை என்ன குளுமை என்று மெச்சினார்கள். நகராட்சி ஆட்கள் படம் பிடித்தார்கள். அவள் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

சாப்பாட்டு வேளை கழிந்து சற்று நேரம் இருக்கும். கிழிந்த ஓரத்தைத் தைக்க ஊசியும் கையுமாக ஏணியடியில் நின்றவள் தற்செயலாக மேலே பார்த்தாள். நாலாவது மாடி ஜன்னலில், மற்ற ஜன்னல்களின் தோரணங்களோடு தோரணமாக, நீலக்கோடு போட்ட துணி ஆடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏணிமேல் நின்ற சைக்கிள்கடைக்காரரிடம், "அங்க பாருங்க. மீட்டர் நம்ம கட்சியில சேர்ந்துட்டாரு" என்றாள்.

அவரும் பார்த்தார். "சாகறதுக்குள்ள நல்ல புத்தி வந்திருச்சு" என்று சிரித்தார்.

அவள் மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். ஜன்னல் திரை லேசாக அசைந்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, விட்ட தையலைத் தொடர்ந்தாள்.

பொழுது சாய்ந்ததும் கூட்டம் கலைந்தது. நிழல்துணிகளை இறக்கி மடித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் ஜன்னல் தோரணத்தை உருவி உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றாகச் சிவப்பு போயிற்று, மஞ்சள் போயிற்று. எதிர்வரிசை முழுக்க வெறும் ஜன்னல்களாக நின்றபோது ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. கையில் மடித்த துணியோடு தையலக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தோரணம் வாங்காதவர் வீட்டில் தோரணம் எப்படி வந்தது என்று அப்போதுதான் மனசு கேட்டது.

அவள் எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. சைக்கிள்கடைக்காரர் சாவியோடு பின்னால் ஓடி வந்தார். மீட்டர்காரர் சமையலறைத் தரையில் கிடந்தார். பக்கத்தில் டம்ளர் உருண்டிருந்தது. ஃபேன் மட்டும் தன் பாட்டுக்குச் சூட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டதுமே தெரிந்துவிட்டது. தன் விழாவுக்கு வந்தவர்கள் மிச்சம் வைத்த பேச்சுச் சத்தம் தெருவிலிருந்து ஏறி வர, அவள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, வாய்க்கு வந்த பிரார்த்தனையைச் சொன்னாள். பாதியில் வார்த்தை மறந்துபோயிற்று.

டாக்டர் வந்து பார்த்தார். மத்தியானத்துக்கு மேல்தான் உயிர் போயிருக்கும் என்றார். "சீக்கிரம் பார்த்திருந்தா?" என்று கேட்டாள். "அதை இப்பப் பேசி என்னம்மா ஆகப் போகுது" என்று பையை மூடினார்.

மகள் ரயிலேறி வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது, அப்பாவின் அதே நெற்றி. அழுகை வராமல் கல்லாக உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு விழாக்காரர்கள் மூன்று பேரும் துக்கம் விசாரிக்க மாடிக்குப் போனார்கள். மகள் மருந்துக்கடைக்காரரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"போன வாரம் போன்ல பேசினப்ப, இந்தத் தடவை என்னதான் பண்றாங்கன்னு கீழ இறங்கிப் பார்க்கலாம்னு இருக்கேன்னாரு. வந்தாராண்ணா?"

மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "வந்தாரும்மா. கொஞ்ச நேரம் நிழல்ல நின்னு வேடிக்கை பார்த்தாரு. சிரிச்சுட்டேதான் மேல போனாரு" என்றார்.

அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்தது. "அவர் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

படி இறங்கும்போது மருந்துக்கடைக்காரர் நின்றார். "தையலு, இத இதோட விட்டுடு. அந்தப் பொண்ணு நிம்மதியா ஊருக்குப் போகட்டும். துணி தொங்கினதப் பார்த்தும் விட்டுட்டோம்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒரு கிழவனும் துணி போட மாட்டான். அப்புறம் யாரை வச்சு யாரைக் காப்பாத்துவ?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சைக்கிள்கடைக்காரர் முன்னால் இறங்கிப் போய்விட்டார். அன்று ஏணிமேல் நின்று சொன்ன வார்த்தை அவரை முள்ளாகக் குத்தியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வெகு காலம் அவர் யாரையும் கேலி பேசி அவள் கேட்கவில்லை.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவளை வீட்டுக்காரர் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னாள்.

"சொல்லிட்டா உனக்குப் பாரம் இறங்கும்" என்றார் அவர். "அது அந்தப் பொண்ணு தலையில ஏறும். அதையும் யோசிச்சுக்கோ."

யோசித்தாள். விளக்கை அணைத்த பிறகும் யோசித்தாள். சொல்லச் சொல்கிறாயா, சும்மா இருக்கச் சொல்கிறாயா என்று ஆண்டவனிடம் கேட்டாள். அவன் எப்போதும் போல அவள் முடிவுக்கே விட்டுவிட்டான்.

சொல்லாமலே கூட இருந்திருப்பாள். ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை மகளே கடைக்கு வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, விழாவுல நிறையப் பேரு போட்டோ எடுத்தாங்களாமே. அப்பா நிழல்ல நின்னது எதுலயாவது விழுந்திருக்குமா? சிரிச்ச மாதிரி அவர் போட்டோ ஒன்னுகூட என்கிட்ட இல்ல. நகராட்சியில போய்க் கேட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன். அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தாருன்னு மட்டும் சொல்லுங்க."

தையலக்கா மெஷினிலிருந்து காலை எடுத்தாள். இல்லாத சட்டைக்கு நிறம் சொல்ல அவளால் முடியவில்லை. இந்தப் பெண் நகராட்சிக்குப் போய், இல்லாத படத்தைக் கேட்டு நிற்கப் போகிறாள்.

"உள்ள வாம்மா" என்றாள். உள்ளே இடம் இல்லை. தானே எழுந்து வெளியே வந்தாள்.

"அப்பா கீழ வரல. மருந்துக்கடை அண்ணன் உன் துக்கத்தப் பார்க்கப் பொறுக்காம அப்படிச் சொல்லிட்டாரு. காலையில துணி போட்டிருக்காரு, எடுக்கல. அந்தத் துணி தொங்கினத நான் பார்த்தேன்மா. மத்தியானமே பார்த்தேன். தோரணம்னு நினைச்சுட்டேன். சந்தோஷப்பட்டேன். கை வேற ஆட்டினேன். ரெண்டுமே நான் தைச்சதுதான், எனக்கே வித்தியாசம் தெரியல."

மகள் எதிர்வரிசை நாலாவது மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அவர் சிரிக்கல."

"தெரியாதும்மா."

"ஏறிப் போயிருந்தா?"

"அதுவும் தெரியாது. டாக்டர் சொல்லல. ஆனா ஏறியிருக்கணும்."

"நீங்க இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம்க்கா." குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு அயர்ந்திருந்தது. "நான் அந்தச் சிரிப்பை வச்சுட்டு ஊருக்குப் போயிருப்பேன்."

"போயிருக்கலாம்மா" என்றாள் தையலக்கா. மன்னிப்புக் கேட்கும் வார்த்தை வாய்வரை வந்தது. கேட்டால் அதற்கும் அந்தப் பெண்தான் பதில் சொல்லியாக வேண்டும் என்று தோன்றி, கேட்காமல் விட்டாள். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தாள். வீட்டுக்காரர் சொன்னதில் பாதிதான் சரியாக இருந்தது. பாரம் அங்கே ஏறியது. இங்கே இறங்கவில்லை.

சேதி தெருவில் பரவத்தான் செய்தது. மருந்துக்கடைக்காரர் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். மாத்திரை வாங்கப் போனால் கவரில் போட்டு நகர்த்துவார், அவ்வளவுதான். அவர் பயந்தது போலவே சிலர் துணி போடுவதை விட்டார்கள். விழாக் கூட்டத்தில் அடுத்த வருடம் என்ன செய்வது என்று பேச்சு எழுந்தபோது, இனி துணியை நம்பி உட்காரமாட்டேன், என் காலால் ஏறிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து வெயில் நாட்களில் சாப்பாட்டு வேளைக்கு முன்பே கடையைச் சாத்திவிடுவாள். தனியாக இருக்கிறவர்கள் வீடு ஒவ்வொன்றாக ஏறுவாள். "இப்பத்தான் கண்ணசந்தேன், தட்டி எழுப்பிட்டியே" என்று எரிந்து விழுபவர்கள் உண்டு. "எங்களையும் கொன்னுடாத தாயி" என்று ஒருவர் கதவுக்கு உள்ளிருந்தே சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டு, அவர் எழுந்து நடமாடுகிற சத்தம் கேட்கிறவரை நின்றுவிட்டுத்தான் இறங்கினாள். மூட்டுக்கு வீட்டுக்காரர் தைலம் தேய்த்துவிடுவார். ஒரு குத்தலும் சொல்லமாட்டார்.

அந்தக் கோடையின் கடைசியில் ஒரு நாள், மூன்றாவது வீட்டின் படியில் பாதி ஏறி நிற்கும்போது போன் அடித்தது. மீட்டர்காரர் மகளின் எண். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

"அக்கா."

"சொல்லும்மா."

"அங்க வெயில் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மகள். "வாரா வாரம் இந்த நாள், இந்த நேரத்துக்குத்தான் அப்பாவுக்குப் போன் பண்ணுவேன். கை தானா போனை எடுத்திருச்சு."

"ஜாஸ்திதாம்மா. காத்தே இல்ல."

"வீடு வீடா ஏறிப் பார்க்கறீங்கன்னு கேள்விப்பட்டேன். எல்லாரையும் பார்த்துட்டீங்களா?"

"இன்னும் ரெண்டு வீடு இருக்கு. படியிலதான் நிக்கிறேன்."

"சரி. போங்க."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. தையலக்காவும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் போனை அவள் வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தையலக்கா போனைக் காதோடு அணைத்துப் பிடித்தபடி மிச்சப் படிகளை ஏறிக் கதவைத் தட்டினாள். உள்ளே செருப்புச் சத்தம் எழுந்து, மெல்ல மெல்ல வாசலை நோக்கி வந்தது.

"கேக்குதாம்மா?" என்றாள்.

"கேக்குது" என்றாள் மகள்.